மின்னியற்றியும் மின்தேக்கியும்

கோடைக்காலத்தில் மின்சாரம் தடைப்பட்டதும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம் டீசல் மின்னியற்றி உறுமத் தொடங்கும். தில்லியிலும் நொய்டாவிலும் குருகிராமிலும் வளரும் மாணவர்களுக்கு இவ்வொலி புதிதன்று. வாயிற்காவலர் முதல் அனைவரும் 'டி.ஜி.' என்றே அழைக்கும் அப்பொறி, மின்சாரத்தை இயற்றுவதால் தமிழில் மின்னியற்றி எனப் பெயர் பெற்றது.

அதன் பெயர்ப்பலகையை உற்று நோக்கினால் இரண்டு அளவுகளைக் காணலாம். 62.5 கே.வி.ஏ. என்பது ஒன்று, 50 கிலோவாட் என்பது மற்றொன்று. ஒரே பொறிக்கு இரண்டு அளவுகள் ஏன்? டீசலை எரித்து உழைக்கும் எஞ்சினின் வலிமையைக் கிலோவாட் குறிக்கிறது. செம்புக் கம்பிச் சுருள்கள் சூடேறாமல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதைக் கே.வி.ஏ. குறிக்கிறது. இவற்றுள் எந்த எல்லையை மீறினாலும் மின்னியற்றி நின்றுவிடும். மின்தூக்கியில் ஏறியவர் இரு தளங்களுக்கு இடையே சிக்கிக்கொள்வார்.

கால்வாயில் செல்லும் படகைக் கரையில் நடந்தவாறே கயிறு கட்டி இழுக்கும் வழக்கம் முன்பு இருந்தது. கயிறு சாய்வாக இருப்பதால், இழுப்பவரின் விசையில் ஒரு பகுதி படகை முன்னே நகர்த்தும். மற்றொரு பகுதி அதைக் கரைப்பக்கம் இழுக்கும். இப்பக்க இழுப்பால் பயணம் ஓர் அடிகூட முன்னேறாது. ஆயினும் அதனையும் சேர்த்தே கயிறு தாங்க வேண்டும்.

நீரேற்று மோட்டாரும் மின்தூக்கி மோட்டாரும் இவ்வாறே மின்சாரத்தை இழுக்கின்றன. அவை சுழலக் காந்தப்புலம் தேவை. அப்புலத்தை உண்டாக்கும் மின்னோட்டம் எவ்வேலையும் செய்யாமல் மோட்டாருக்கும் மின்னியற்றிக்கும் இடையே போய்வந்துகொண்டே இருக்கும். இதனைக் கே.வி.ஏ.ஆர். என்னும் அலகால் அளப்பர். பயன்படும் கிலோவாட்டை மொத்தக் கே.வி.ஏ.வால் வகுத்தால் கிடைப்பது திறன் காரணி.

நம் வளாகத்தின் சுமை 36 கிலோவாட், திறன் காரணி 0.6 எனக் கொள்வோம். 36 ஐ 0.6 ஆல் வகுக்க, 60 கே.வி.ஏ. கிடைக்கும். மின்னியற்றியின் எல்லையோ 62.5. எஞ்சினுக்கு இன்னும் 14 கிலோவாட் வலிமை எஞ்சியிருந்தும், 10 கிலோவாட் மின்தூக்கி ஒன்றை இயக்க வழியில்லை. பித்தாகரசு தேற்றத்தின்படி 60 இன் வர்க்கத்திலிருந்து 36 இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் கண்டால் 48 வரும். அந்த 48 கே.வி.ஏ.ஆர். தான் நம் பக்க இழுப்பு.

எதிர்க்கரையில் ஒருவர் நின்று படகைத் தம் பக்கம் இழுத்தால் பக்க இழுப்புக் குறையும் அல்லவா? மின்தேக்கி அப்பணியைச் செய்கிறது. 'தேக்கு' என்னும் வினையடியாகப் பிறந்த அழகிய சொல் இது. ஆனால் நீர்த்தேக்கம்போல மாதக்கணக்கில் சேமித்து வைப்பதாக எண்ணிவிடாதீர்கள். நம் நாட்டு மின்சாரத்தில் அது ஒரு நொடிக்கு 100 முறை ஆற்றலைத் தேக்கி, 100 முறை திருப்பித் தருகிறது. மோட்டார் கேட்கும்போது மின்தேக்கி கொடுக்கிறது. மோட்டார் திருப்பும்போது அது வாங்கிக்கொள்கிறது. எனவே அப்போக்குவரத்து மின்னியற்றிவரை செல்வதில்லை.

திறன் காரணியை 0.9 ஆக உயர்த்த விரும்பினால், 36 கிலோவாட்டுக்கு மொத்தம் 40 கே.வி.ஏ. போதும். அப்போது மீதமிருக்கக்கூடிய பக்க இழுப்பு ஏறத்தாழ 17.4. ஆகவே 48 இலிருந்து 17.4 ஐக் கழிக்க, தேவையான மின்தேக்கி 30.6 கே.வி.ஏ.ஆர். கடையில் கிடைக்கும் மின்தேக்கி பெரும்பாலும் 440 வோல்ட்டுக்கு உரியது. நம் 415 வோல்ட்டில் அது தன் அளவில் ஏறத்தாழ நூற்றுக்கு 89 பங்கே தரும். அதனால் 35 வாங்கினால் 31 கிடைக்கும். மின்னோட்டம் 83 ஆம்பியரிலிருந்து 55 ஆம்பியராகக் குறையும். புதிய மின்தூக்கிக்கும் இடம் உண்டாகும்.

"மின்தேக்கி வைத்தால் டீசல் செலவு பாதியாகும்" என்று விற்பனையாளர் கூறினால் நம்பாதீர்கள். டீசல் கிலோவாட்டுக்கே எரிகிறது; கம்பிகளில் வீணாகும் வெப்பம் குறைவதால் வரும் சேமிப்பு சிறிதே. எத்தனை மின்தேக்கிகளை அடுக்கினாலும் 50 கிலோவாட் எஞ்சின் 51 தராது.

இனி இடர்ப்பாடான பகுதிக்கு வருவோம். நள்ளிரவில் மோட்டார்கள் நின்றுவிட்டன. விளக்குகளும் குளிர்பதனப் பெட்டிகளும் மட்டும் இயங்குகின்றன. பக்க இழுப்பு 4 ஆகச் சுருங்கிவிட்டது. ஆனால் 31 அளவுள்ள மின்தேக்கி இணைப்பிலேயே இருக்கிறது. எதிர்க்கரைக்காரர் மட்டும் முழுவலிமையோடு இழுத்தால் படகு அக்கரையில் மோதும். மின்னியற்றியிலோ மின்னழுத்தம் உயரும். அதனைக் குறைக்கும் சீராக்கி காந்தச்சுருளுக்குத் தரும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போகும். அது சுழியை அடைந்த பின்னும், மின்தேக்கியின் மின்னோட்டமே பொறியைக் காந்தமாக்கும். சீராக்கியின் கையில் ஒன்றும் இராது. மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போக, வீடுகளில் உள்ள கருவிகள் கருகும். அரசின் மின்வழங்கல் பேராறு. இச்சிறு மாற்றம் அதனை அசைக்காது. தனித்த மின்னியற்றியோ குறுகிய வாய்க்கால்.

ஆதலால் 35 ஐ ஒரே பெட்டியாக நிலையாக இணைத்தல் கூடாது. 5, 10, 20 எனப் பிரித்து, சுமைக்கேற்ப இணைத்து விலக்கும் தானியங்கி அமைப்பை வைப்பர். மின்தடை ஏற்பட்டதும் மின்தேக்கிகள் அனைத்தும் விலகிவிட வேண்டும். மின்னியற்றி ஓடிச் சுமையை ஏற்ற பின்னரே ஒவ்வொன்றாக இணைய வேண்டும். திறன் காரணி 1 வரை செல்லாமல் 0.9 அளவில் நிறுத்திக்கொள்வதும் இதனாற்றான். விலக்கிய மின்தேக்கியிலும் சில நிமிடங்கள் மின்னூட்டம் எஞ்சியிருக்கும் என்பதால், பணியாளர்கூட உடனே தொடமாட்டார்.

பயிற்சி
1. ஒரு மின்னியற்றியின் சுமை 24 கிலோவாட். திறன் காரணி 0.6. அதனை 0.8 ஆக உயர்த்த எத்தனை கே.வி.ஏ.ஆர். தேவை?
2. நள்ளிரவில் மின்னழுத்தம் உயர்வது ஏன்? படகு உவமையைப் பயன்படுத்தி ஐந்து தொடர்களில் எழுதுக.
3. இயற்று, தேக்கு, தூக்கு ஆகிய வினைகளிலிருந்து பிறந்த கருவிப் பெயர்களைப் பாடத்திலிருந்து எடுத்தெழுதுக.