துயில்வதும் பிரிவதும்

தமிழாசிரியர் கணினியைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். எனினும், இம்மலரைக் கையில் எடுப்போரிற் பெரும்பாலோர் நாள்தோறும் செய்யும் ஒரு செயலின் உட்பொருளைத் தமிழில் விளங்கவைத்தல் ஆகுமா எனப் பார்த்தலும் தமிழ்ப்பணியேயாம். அச்செயல் யாதெனில், ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலே பென் டிரைவ் எனப்படும் நினைவுக்கோலையோ விசைப்பலகையையோ செருகுதலும், வேண்டியபோது பிடுங்குதலும் ஆம்.

இயங்குதளத்தின் நடுவே கேர்னல் என்றொரு பகுதி உண்டு. வன்பொருளோடு நேரே பேசும் உரிமை அதற்கே உரியது. 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கேர்னலின் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்து கிடத்தலின், அதனையே ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

கணினியோடு இணைந்த கருவிகள் யாவும் எந்நேரமும் முழு மின்வலுவுடன் நிற்கவேண்டுவதில்லை. வேலையற்றபோது உறங்கவைத்தால் மடிக்கணினியின் மின்கலம் நெடுநேரம் தாங்கும். இன்ரெல், மைக்ரோசொப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996இல் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. என்னும் விதிநூல் இதற்குப் படிகள் வகுத்தது. டி0 முழு விழிப்பு. டி3 ஆழ்ந்த துயில். இடையிலுள்ள இரண்டையும் விடுத்துச் செல்வாம். டி3 தானும் இருவகைப்படும். சூடான டி3இல் மின்சாரம் அறுபடவில்லை. கருவி அழைப்பைக் கேட்டு எழும். குளிர்ந்த டி3இலோ மின்சாரமே நிறுத்தப்பட்டுவிடும்.

சிக்கல் இங்கேதான் பிறக்கின்றது. பி.சி.ஐ. வழியில் இணைந்த கருவியொன்று பிடுங்கப்பட்டபின் கேர்னல் அதனை வினவினால், ஒன்று என்னும் இலக்கமே நிரம்பிய விடை வரும். குளிர்ந்த துயிலிற் கிடக்கும் கருவியை வினவினாலும் அதே விடைதான். உறங்குகின்றவனும் ஊரைவிட்டே போனவனும் கூப்பிட்ட குரலுக்கு ஒரே வகையாக மௌனம் சாதிக்கின்றனர். ஆகவே, கேர்னல் விடையை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. யார் எந்நிலையில் உள்ளார் என்பதற்கு ஓர் இடாப்பு வைத்திருத்தல் வேண்டும். ஆசிரியர்க்கு இடாப்பின் அருமையைச் சொல்லவேண்டுவதில்லை.

புதிதாக வரும் கருவியை யூ.எஸ்.பி. முறை எவ்வாறு ஏற்கின்றது என்பது சுவையானது. செருகியின் உள்ளே மின்சாரம் கொணரும் தகடுகள் செய்தி கொணரும் தகடுகளிலும் சற்று நீண்டவை. எனவே முதலில் உயிரும் பின்னரே பேச்சும் வரும். கை நடுக்கத்தால் இணைப்பு அறுந்தறுந்து சேர்தல் இயல்பாதலின், 100 மில்லிசெக்கன் அது நிலைத்து நிற்கின்றதா எனப் பார்த்தபின்னரே மேற்செல்வர். யூ.எஸ்.பி. 2.0 விதிப்படி, கருவி தன்னை இன்னதென்று அறிவித்து ஒப்புதல் பெறும்வரை 100 மில்லி அம்பியருக்கு மேல் உறிஞ்சலாகாது. ஒப்புதலின் பின் 500 வரை பெறலாம், அதுவும் இணைந்த இடத்துக்கு அத்துணை வலு இருந்தாலன்றி இல்லை.

இனி இடாப்புக்கு வருவாம். 2009 டிசெம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6.32இல், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே தனிக்கருவிகளை உறக்கி எழுப்பும் பொதுமுறை அமைந்தது. அம்முறையிற் புதிய கருவி எதுவாயினும் முதலில் ‘உறங்குகிறது’ என்றே பதியப்படும். மெய்யாகவே அது விழித்திருக்கலாம், அது வேறு. மெய்ந்நிலையை அறிந்து இடாப்பைத் திருத்துவது அக்கருவிக்குரிய சாரதி நிரலின் கடமை. (தமிழகத்தார் இயக்கி என்பர்; குதிரையின் குணமறிந்து செலுத்துவோனைக் குறிக்கும் சாரதி என்னும் சொல்லே எமக்கு இனிது.)

சாரதி அதனைத் திருத்தாவிடின் வருவது சிறு கேடன்று. கருவிகள் மரம்போற் கிளைத்தவை. ஒரு கருவி இன்னொன்றின் வழியே மின்சாரமும் செய்தியும் பெறுகின்றது. விழித்திருக்கும் பிள்ளைகளின் தொகையைத் தாய்க்கருவியின் கணக்கிற் கேர்னல் எழுதிவைக்கும். பிள்ளை உறங்குவதாகப் பதிவிருப்பின் அத்தொகை சுழியமாக, தாயையும் உறங்கவைக்கலாம் என்று கேர்னல் துணியும். பிள்ளையோ நடுவேலையில் வழியற்று நிற்கும். மறுதலையாக, தாய் உறங்கப் பிள்ளை விழித்துள்ளதாக எழுத முயன்றால் கேர்னல் பொதுவாக ஒப்புவதில்லை.

கணினி முழுவதும் உறங்கும்போதும் இம்முறையே. பிள்ளைகள் முன்னும் தாயர் பின்னுமாக உறங்குவர். எழும்போது வரிசை தலைகீழாகும். உறங்கப்போகும் வேளையிற் செருகப்பட்ட யூ.எஸ்.பி. கருவியை ஹப் என்னும் இணைப்புக் கணுவைக் கவனிக்கும் பணியாள் உடனே ஏற்பதில்லை. அப்பணியாளும் உறைந்து கிடத்தலின், அனைவரும் எழுந்தபின்னரே புதியவரை வரவேற்பர். பாதி உறங்கிய வீட்டிற் புதியவருக்குப் பாய் விரிக்க ஆளில்லை என்க.

எல்லாவற்றினும் கடினமானது விழித்தெழும் கணம். உறக்கத்தில் யூ.எஸ்.பி. வாயிலின் மின்சாரம் அற்றுப்போயிருப்பின், முறைப்படி பழைய கருவி போய்விட்டது என்றே கொள்ளவேண்டும். அங்ஙனம் கொண்டால், நினைவுக்கோலில் திறந்திருந்த கோப்புகள் பற்றின்றித் தவிக்கும். இதற்காக லினக்ஸில் ஒரு சலுகை உண்டு. வாயிலில் இப்போதுள்ள கருவியை மீளத் தொடக்கி, அதன் அடையாளக் குறிப்புகளையும் தொடரிலக்கத்தையும் பழைய பதிவோடு ஒப்பிட்டு, பொருந்தினால் முன்னையதே எனக் கேர்னல் ஏற்கும்; பொருந்தாவிடிற் பழையதை நீக்கிப் புதியதாகப் பதியும்.

இச்சலுகைக்கு அகப்படாத ஏமாற்று ஒன்றுண்டு. நிழற்படக் கருவியின் நினைவட்டையைப் படிக்கும் சிறு பெட்டியைக் கருதுக. மடிக்கணினி உறங்கும்போது ஒருவர் அதிலுள்ள அட்டையை எடுத்து வேறோர் அட்டையைச் செருகினால், பெட்டியின் அடையாளம் மாறுவதில்லை. ஆகவே கேர்னல் ஐயுறாது. பழைய அட்டையின் அட்டவணையை மனத்திற் கொண்டு, புதிய அட்டையின்மீது எழுதத் தொடங்கும். மணவிழாப் படங்கள் சிதைந்து போவது இவ்வழியாலும் நேரும். மடிக்கணினியை மூடுமுன் அவ்வட்டையைத் திரையிலே விடுவித்துக்கொள்வது இதற்கு ஒரு காப்பாகும்.