உங்களுக்குத் தெரியுமா? அம்பர் வேடமிட்ட ரெசின்

பால்டிக் கடலோரத்தில் கிடைக்கும் அம்பர், சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் மரங்களில் வழிந்து இறுகிய பிசின். அதற்குப் போலியாக வந்ததும் ஒரு பிசின்தான்!

1907இல் நியூயார்க் மாநிலத்தில் லியோ பேக்லாண்ட் பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து பேக்லைட்டை உருவாக்கினார். மரத்தூள் கலந்த அது பெரும்பாலும் கறுப்பு, பழுப்பு நிறங்களிலேயே வந்தது. பின்னால் வந்த ‘கேட்டலின்’ ரெசினில் மரத்தூள் இல்லை. அதனால் ஒளி ஊடுருவியது, சாயமும் பளிச்சென்று பிடித்தது. தேன் நிறம் சேர்த்தால் அம்பர். இரு நிறக் குழம்புகளை அரைகுறையாகக் கிளறினால் பளிங்கில் ஓடும் நரம்புகள். ஒரு சுற்று கூடுதலாகக் கலக்கினாலும் அந்த அழகு கெட்டுவிடும். கையை எப்போது நிறுத்துவது என்பதில்தான் அத்தனை திறமையும். பிறகு ஈய அச்சுகளில் வார்த்து, நாள்கணக்கில் மெல்லச் சூடேற்றினார்கள்.

1930களின் இறுதியில் அமெரிக்காவில் வெள்ளையாக விற்ற கேட்டலின் வானொலிப் பெட்டிகள் பல இன்று மஞ்சளாகிவிட்டன. காற்றும் வெளிச்சமும் செய்த வேலை அது. மேற்பரப்பை மெல்லத் தேய்த்தால் பழைய வெள்ளை எட்டிப் பார்க்கும்.

கையில் இருக்கும் மணி அசல்தானா? உப்பைக் கரையுமட்டும் கரைத்த தண்ணீரில் போட்டால் அம்பர் மிதக்கும், கேட்டலின் மூழ்கும்.