பூனைக்குட்டிக்குத் தேவை மணல், பினாயில் அல்ல

தெருவில் யாராவது வீடு கட்ட மணல் இறக்கினால் போதும், அன்று ராத்திரியே சுற்றுவட்டாரப் பூனைகள் அத்தனையும் அங்கே ஆஜர். காலையில் கொத்தனார் திட்டிக்கொண்டே மண்வெட்டியால் அள்ளி எறிவார். குழி பறிப்பது, உட்காருவது, மோந்து பார்த்து மூடுவது என்ற அந்த வரிசையைப் பூனைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்கு ஆசியாவின் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை என்று 2007இல் கார்லோஸ் டிரிஸ்கால் குழுவினர் மரபணு ஆய்வில் காட்டினார்கள். பொலபொலவென்ற மண்ணைக் கண்டதும் பறண்டத் தோன்றுவது அந்த வழியில் வந்த சொத்தாகவே இருக்க வேண்டும்.

பிறந்த குட்டியால் முதல் சில வாரங்கள் தானாகச் சிறுநீர்கூடக் கழிக்க முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். நாலாவது வாரவாக்கில் குட்டி தானே மண்ணைத் தேடத் தொடங்குகிறது. ஆக, எட்டு வாரக் குட்டி நம் வீட்டுக்குள் வரும்போதே பாதிப் பாடம் முடிந்திருக்கும். மீதிப் பாடம் நமக்குத்தான்.

குட்டி வயிறு உரசாமல் ஏறி இறங்கும்படி தாழ்வான பேசின் ஒன்று, அதில் இரண்டு அங்குலத்துக்குச் சலித்த மணலோ மரத்தூளோ போதும். அமெரிக்காவில்கூட முன்பு மணலும் அடுப்புச் சாம்பலும்தான். 1947இல் மிச்சிகனைச் சேர்ந்த எட்வர்ட் லோ பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு மணலுக்குப் பதிலாகக் களிமண் குருணையைக் கொடுத்ததில் ஆரம்பித்ததுதான் இன்றைய 'கேட் லிட்டர்' வியாபாரம். இப்போது கடையில் கிடைக்கும் கட்டிபிடிக்கும் வகை பெரும்பாலும் பென்டோனைட் களிமண். ஈரம் பட்டால் உப்பும். குட்டிகள் எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் என்பதால் நாலு மாதம் ஆகும்வரை அது வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும், தூங்கி எழுந்ததும் குட்டியைத் தூக்கி மணலில் விடுங்கள். வெளியே போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கும் பழைய வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். உங்களைக் கண்டு பயப்பட மட்டுமே அது கற்றுக்கொள்ளும்.

நம் வீடுகளில் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மூலையில் நாற்றம் வந்ததும் கை தானாகப் பினாயில் பாட்டிலுக்குப் போகும். கறுப்புப் பினாயிலில் பீனால் வகைச் சேர்மங்கள் உண்டு. இவற்றைக் குளூக்குரானிக் அமிலத்தோடு இணைத்துச் சிறுநீரில் வெளியேற்றுவது நம் கல்லீரலின் வேலை. பூனைக்கோ அந்த வேலைக்கான முக்கிய நொதியின் மரபணு சிதைந்து செயலிழந்து கிடக்கிறது. ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைக் குடிப்பதும் இதே குறையால்தான். பைன் எண்ணெய் கலந்த வெள்ளைப் பினாயிலும் நல்லதல்ல. ஈரத் தரையில் நடக்கும் குட்டி, பிறகு உட்கார்ந்து சாவகாசமாகப் பாதத்தை நக்கும். விஷம் நேரே வயிற்றுக்கு. பேசினைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்தாலே போதும். கழிவைத் தினமும் அள்ளிவிட வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளியேறினாலும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு யாரிடமாவது தள்ளிவிடலாம்.

படுக்கைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை சீக்கிரம் பதற்றம் தணிந்தன. அட்டைப்பெட்டியில் பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டு, மணல் பேசினுக்கு எட்டத்தில் வையுங்கள். 30 டிகிரிக்கு மேல்தான் பூனைக்கு இதம். நாம் ஏசி போட்டுத் தூங்கும் அறையின் டைல்ஸ் தரை அதற்குக் குளிர்.

விடியலும் அந்தியும் பூனையின் வேட்டை நேரம், அதனால் நாலு மணிக்கே கத்தும். படுக்கப் போகும்முன் நன்றாக ஓடவிட்டு, கடைசி உணவைக் கொடுத்துவிடுங்கள். பாவமாக இருக்கிறதே என்று எழுந்து பால் ஊற்றினால் மறுநாளும் அதே நேரத்துக்குக் கச்சேரிதான். போதாததற்கு, பசும்பாலின் லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிக்காது. வயிறு இளகினால் பேசின்வரை ஓடிப்போக அதற்கு அவகாசம் இருக்காது.