இயலாமைக் காப்புறுதி: எடுப்பதா, விடுவதா?

சம்பள நாட்களில் நோர்வூட் நகருக்கு வரும் தோட்ட மக்களைக் காப்புறுதி முகவர்கள் தேடி வருகிறார்கள். "உங்களுக்கு ஏதாவது நடந்தால் பிள்ளைகளின் கதி என்ன?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. மலையில் சறுக்கி இடுப்பு முறிந்தவருக்கு உயிர் இருக்கும், பேர் விழாது. வருமானம் நிற்க, மருந்துச் செலவோ கூடும்.

எனினும் பணம் கட்டுமுன், ஏற்கனவே நமக்குள்ள பாதுகாப்பை அறிந்துகொள்வோம்.

முதலாவது, 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம். வேலையின்போது நேரும் விபத்துக்குத் தொழில்கொள்வோரே நட்டஈடு தரவேண்டும். 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்தது. உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. விபத்தை உடனே எழுத்தில் அறிவிப்பதும் டிஸ்பென்சரித் துண்டைப் பத்திரப்படுத்துவதும் அவசியம்.

இரண்டாவது, ஊழியர் சேமலாப நிதி. நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர் ஓய்வு வயதுக்கு முன்பே தம் பணத்தைப் பெறலாம்.

மூன்றாவது, தொழில்கொள்வோர் 3 வீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கை நிதியம். நிரந்தர இயலாமைக்கு அதிலும் உதவி உண்டு.

அப்படியானால் எங்கே ஓட்டை? லயத்துப் படியில் விழுந்தாலும், பாரிசவாதம் வந்தாலும், ஆறு மாதம் படுக்கையில் கிடந்தாலும் இவை பெரிதும் உதவா. கைக்காசு வேலை செய்வோர், மரக்கறித் தோட்டக்காரர், கொழும்பில் பதிவின்றி உழைக்கும் பிள்ளைகள் பலருக்குச் சேமலாப நிதியே பிடிக்கப்படுவதில்லை. காப்புறுதி அதிகம் தேவைப்படுவோர் இவர்களே.

முகவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். விபத்துக்கு மட்டுமா, நோய்க்கும் உண்டா? தற்காலிக இயலாமைக்குக் கிடைக்குமா? இரண்டு தவணை தவறினால் என்னவாகும்? "இயலாமை" என்றால் என்ன?

கடைசிக் கேள்வியே முக்கியமானது. "எந்த வேலையும் செய்ய இயலாத நிலை" என்று பத்திரத்தில் இருந்தால், முதுகு ஒடிந்த கொழுந்துக்காரியைப் பார்த்து, உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாமே என்பார்கள். தோட்டத்தில் அவருக்கு அந்த வேலையை யார் தருவார்? "தமது வழக்கமான தொழிலைச் செய்ய இயலாத நிலை" என்றிருப்பதே நமக்கு நல்லது. பத்திரத்தைத் தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். விளங்காமல் கையொப்பம் இடாதீர்கள்.

இன்னொன்று. காப்புறுதி பெரும்பாலும் கணவன் பெயரிலேயே எடுக்கப்படுகிறது. வீட்டில் உலை கொதிப்பது மனைவி பறிக்கும் கொழுந்தினால் என்றால், முதலில் காக்கவேண்டியது அவரது உழைப்பையே.

கடன் வாங்கித் தவணை கட்டவேண்டாம். கடனை அடைத்து, ஒரு மாதச் செலவுக்காவது சேமித்தபின், தவறாமல் கட்டக்கூடிய சிறு தொகையில் தொடங்குவதே நன்று.