ரூபன் இழந்த சேஷ்டபுத்திரபாகம்

ரூபன், பழைய ஏற்பாட்டில் யாக்கோபுக்கும் லேயாளுக்கும் பிறந்த தலைமகன். அவன் தன் சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, இழந்ததைப் பற்றிய வேதவசனங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தோன்றும். ‘மூத்த’ எனப் பொருள்படும் ‘ஜேஷ்ட’ என்ற வடசொல்லே தமிழ் வேதாகமத்தில் ‘சேஷ்ட’ என வழங்குகிறது.

முரண்பாடாகத் தோன்றுபவை

ரூபன் தந்தையின் மறுமனையாட்டியான பில்காளோடு சேர்ந்ததை ஆதியாகமம் 35:22 கூறுகிறது. தண்டனை எதையும் அங்கே கூறவில்லை. 49ஆம் அதிகாரத்தில் யாக்கோபு அவன் மேன்மையடைய மாட்டான் என்கிறார். தலைமையை நான்காம் மகன் யூதாவுக்குக் கூறுகிறார். ஆனால் 1 நாளாகமம் 5:1-2 அந்த உரிமை யோசேப்புக்குப் போனது என்கிறது. எண்ணாகமம் 1:20 ரூபனையே இன்னும் முதற்பேறானவன் என்கிறது.

விளக்கம்

மூத்தவனுக்குரியவை ஒன்றல்ல, மூன்று: பிறப்பு வரிசை, சொத்தில் இரட்டைப் பங்கு, குடும்பத் தலைமை. மதுரைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இதை எளிதில் புரிந்துகொள்ளலாம். தகப்பனுக்குக் கொள்ளி வைப்பவன் மூத்த மகன். அதற்காக அவனுக்கு நிலம் கூடுதலாக வருவதில்லை. கோயிலில் முதல் மரியாதை பெறும் வீடு வேறாகவும், அதிக நிலமுள்ள வீடு வேறாகவும் இருப்பதுண்டு.

ரூபனின் பிறப்பு வரிசை மாறவில்லை. இரட்டைப் பங்கு யோசேப்புக்குச் சென்றது. அவர் மக்களான எப்பிராயீமையும் மனாசேயையும், ரூபன், சிமியோனைப் போலத் தன் சொந்தப் பிள்ளைகளாக யாக்கோபு ஏற்றார் (ஆதியாகமம் 48:5). ஆகவே யோசேப்பின் வழியில் இரண்டு கோத்திரங்கள் உண்டாயின. சீகேமில் செய்த கொலைகளால் சிமியோனும் லேவியும் தந்தையின் கண்டனத்துக்கு ஆளாயினர். தலைமை அடுத்தவனான யூதாவுக்கு வந்தது. 1 நாளாகமம் 5:2 தலைமையையும் சேஷ்டபுத்திர உரிமையையும் பிரித்தே சொல்கிறது.

எஞ்சும் கேள்வி

விரும்பப்படாத மனைவியின் மகன் மூத்தவனாயிருந்தால், அவனைத் தள்ளிவிட்டு, விரும்பப்பட்டவளின் மகனுக்கு அந்த உரிமையைக் கொடுக்கக் கூடாது என்கிறது உபாகமம் 21:15-17. லேயாள் விரும்பப்படாதவள், யோசேப்போ யாக்கோபு நேசித்த ராகேலின் மகன். அப்படியானால் யாக்கோபு செய்தது நியாயமா?

வேதாகமம் சொல்லும் வரிசைப்படி இந்தச் சட்டம் யாக்கோபுக்கு நெடுங்காலத்துக்குப் பின் மோசே மூலம் வந்தது. மேலும், தாயின்மேல் உள்ள வெறுப்பைக் காரணமாக்குவதையே அது தடுக்கிறது. நாளாகமம் காட்டும் காரணம் ரூபனின் சொந்தக் குற்றம். ஆனாலும் யாக்கோபின் பாரபட்சத்தை வேதாகமம் மறைக்கவில்லை. அதனால் சகோதரர் யோசேப்பைப் பகைத்ததை ஆதியாகமம் 37:4 வெளிப்படையாகவே கூறுகிறது.

ரூபன் முற்றிலும் தள்ளப்படவுமில்லை. அவன் கோத்திரம் பிழைத்திருக்க வேண்டுமென மோசே ஆசீர்வதித்தார் (உபாகமம் 33:6). யோர்தானுக்குக் கிழக்கே நிலமும் கிடைத்தது (யோசுவா 13:15-23). மூத்தவன் உரிமை போயிற்று. மகன் என்ற உரிமை போகவில்லை.