உஷார்! மூடியில்லாத ஷாஃப்ட்டோடு வரும் வைக்கோல் ரேக்

தை மாதம் சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் காவிரி டெல்டாவில் நெல்லுக்கு அடுத்த கவலை வைக்கோல். ஆள் வைத்து அறுத்த காலத்தில் அது கட்டுக்கட்டாகக் களத்துக்கு வந்து, அடிபட்டு, காய்ந்து, போராக ஏறியது. இப்போது பெல்ட் போட்ட அறுவடை வண்டி வயலில் இறங்கி நெல்லைத் தொட்டியில் வாங்கிக்கொண்டு, வைக்கோலைப் பின்னால் தள்ளிவிட்டுப் போகிறது. ஈரச் சேற்றில், வண்டி ஓடிய தடத்தில், அது மிதிபட்டுச் சிதறிக் கிடக்கிறது. புரட்டிக் காயவைத்து வரிசையாகக் கூட்டினால்தான் கட்டும் மிஷின் ஒழுங்காக எடுக்கும். அந்த வேலைக்கு டிராக்டரின் பின்னால் மாட்டும் கருவிதான் ரேக்.

ஐந்து ஏக்கருக்குள் நிலமும் நாலைந்து மாடும் உள்ளவர்கள்கூடச் சொந்தமாக ஒரு ரேக் வாங்க யோசிக்கிறார்கள். வாங்கட்டும், நல்லதுதான். ஆனால் பழைய கருவி, மலிவு விலை, ‘நல்லா ஓடுதுங்க’ என்ற பேச்சு, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முன்பணம் கொடுக்கும் முன்பு குனிந்து ஓர் இடத்தைப் பாருங்கள். டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா? இல்லையென்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஆளைக் கொல்லும் சாமான் அது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம் டிராக்டர்களில் பி.டி.ஓ. வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 9 சுற்று. ஷாஃப்ட் 3 அங்குலக் கனம் என்றால், ஒரு நொடியில் 2 மீட்டருக்கு மேல் துணியைச் சுருட்டி இழுத்துவிடும். நாலு முழ வேட்டியின் முழு நீளமே ஏறத்தாழ அவ்வளவுதான். முனை சிக்கியதை உணர்ந்து நீங்கள் விலக நினைப்பதற்குள் வேட்டி முழுவதும் சுற்றியிருக்கும். துணி கிழிந்து போனால் உயிர் தப்பியது. கிழியாவிட்டால் துணியோடு காலும் கையும் போகும். கூந்தல் சிக்கினால் தலைத்தோலே போகும். டிராக்டர் ஓட்டுகிறவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

வெளிநாட்டுக் கையேடுகளில் ‘இறுக்கமான உடை அணியவும்’ என்று ஒரு வரி இருக்கும். நம் வயலில் மிஷினுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் தொங்கும் துண்டு, கைலி. சிந்திய வைக்கோலை அள்ள வரும் பெண்களின் சேலை முந்தானை. வேடிக்கை பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள். இந்த ஷாஃப்ட்டுக்கு நம் உடையைவிட எளிதாகச் சிக்கக்கூடியது வேறில்லை. அதனால்தான் மூடி விஷயத்தில் மற்ற எவரையும்விட நாம் கறாராக இருக்க வேண்டும்.

கதிரடிக்கும் மிஷினில் கை இழந்தவர்கள் பெருகிய பிறகுதான் 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஆனால் உங்கள் வயலில் ஓடும் ரேக்கின் மூடியை எந்த அதிகாரியும் வந்து பார்க்கப்போவதில்லை. பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

பி.டி.ஓ. தேவைப்படாத ரேக்கும் உண்டு. சக்கர ரேக் என்பார்கள். கம்பி விரல்கள் பொருத்திய பெரிய சக்கரங்கள் சாய்ந்த வரிசையில் நிற்கும். டிராக்டர் இழுக்கும்போது தரையில் உரசியே சுழலும். கியர் பெட்டி இல்லை, ஷாஃப்ட் இல்லை. எடை குறைவு, மினி டிராக்டரே இழுக்கும். சிறு விவசாயிக்கு நான் சொல்வது இதைத்தான். விலையும் குறைவு, பழுதாவதற்குப் பாகங்களும் குறைவு. இரண்டு, மூன்று சக்கரம் உள்ளதே போதும். வரப்புக்கு வரப்பு திரும்ப வேண்டிய சின்ன வயலில் எட்டுச் சக்கர ரேக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

குறையும் உண்டு, மறைக்கக் கூடாது. சக்கர ரேக் வைக்கோலை முறுக்கிப் புரிபோல ஆக்கிவிடும். மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். கம்பி விரல்களை ஆழமாக இறக்கினால் மண்ணையும் கல்லையும் சேர்த்து வாரும். ‘ஒரு தாளும் விடாமல் எடுக்கணும்’ என்று இறக்கி வைப்பவர்கள்தான் அதிகம். மண் கலந்த வைக்கோலை மாடு ஒதுக்கும். கல் போனால் கட்டும் மிஷின் பழுதாகும். விரல் நுனி தரையை லேசாகத் தொட்டால் போதும். கொஞ்சம் வைக்கோல் வயலிலேயே கிடந்தால் அது மண்ணுக்கு உரம்.

சுழல் ரேக், அதாவது பி.டி.ஓ.வில் ஓடுவது, வைக்கோலைத் தளர்த்தி, காற்றோட்டமாக வரிசை போடும். மண்ணும் குறைவாகவே சேரும். வேலை சுத்தம், ஒப்புக்கொள்கிறேன். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி ஊர் முழுக்க ஓட்டுவதென்றால் அதை யோசிக்கலாம். அப்போது புதிதாக, மூடியோடு, பில்லோடு வாங்குங்கள். வேளாண் பொறியியல் துறை மானியத் திட்டத்தில் எந்தெந்தக் கருவிகள் வருகின்றன என்று விசாரித்துவிட்டு வாங்கினால் செலவும் குறையும்.

பழையதைத்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு ஷாஃப்ட் மூடியைக் கையால் திருப்புங்கள். ஷாஃப்ட் நிற்க, மூடி மட்டும் தனியே சுழல வேண்டும். ஷாஃப்ட்டோடு ஒட்டிக்கொண்டு சுற்றும் மூடி, மூடியே இல்லாததற்குச் சமம். அதைச் சுற்றவிடாமல் பிடிக்கும் சின்னச் சங்கிலி அறுந்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். பிறகு ஷாஃப்ட்டின் நீளம். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்களால் ஆனது அது. வேறு டிராக்டருக்கு வெட்டியது உங்கள் டிராக்டருக்குப் பொருந்தாமல் போகலாம். குட்டையாக இருந்தால் ஓட்டத்தில் கழன்று சாட்டைபோல அடிக்கும். நீளமாக இருந்தால் திரும்பும்போது முட்டி கியர் பெட்டியை உடைக்கும். அதிகச் சுமை வந்தால் தானே முறியும்படி வைத்த போல்ட்டை எடுத்துவிட்டு, கடையில் கிடைத்த கெட்டி போல்ட்டை மாட்டியிருப்பார்கள். அதன் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் துணி சிக்குவதற்கு அதுவே கொக்கி. கம்பி விரல்கள் நாலைந்து உடைந்திருந்தால், மாற்று விரல் எந்த ஊரில் கிடைக்கும் என்று விற்பவரிடமே கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் கிளம்பிவிடுங்கள்.

ரேக் நல்லதாகவே அமைந்தாலும் அவசரம் அடுத்த ஆபத்தைக் கொண்டுவரும். மழை வருமோ என்ற பயத்தில், கட்டும் மிஷின் நாளைக்குக் கிடைக்காதோ என்ற பதற்றத்தில், பாதி ஈரத்தோடு கட்டிவிடுகிறோம். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் கட்டுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், சூடேறும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைத் தின்ற மாட்டுக்கும் எருமைக்கும் காதும் வாலும் காலும் அழுகும் டெக்னாலா நோய் வரலாம். சில பூஞ்சணங்களின் நஞ்சு பாலிலும் இறங்கும்; அந்தப் பால் உங்கள் பிள்ளைக்கும் போகும். பூஞ்சண வைக்கோலின் தூசியைச் சுவாசிப்பவருக்குச் சில மணி நேரத்தில் இருமலும் காய்ச்சலும் வரலாம். வெறும் சளி என்று விட்டுவிட்டால் நாளடைவில் நுரையீரல் கெடும். கட்டின் உட்புறச் சூடு 65 டிகிரியைத் தாண்டிவிட்டால் போர் தானாகவே தீப்பற்றும் அளவுக்குப் போகலாம். அடுக்கி வைத்த சில வாரங்களுக்குப் பிறகும் இது நடக்கும். போருக்குள் கை விட்டு, சுடுகிறதென்றால் உடனே ஆட்களைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு பிரியுங்கள். போர் மேலே ஏறாதீர்கள். உள்ளே கனன்று வெற்றிடமாகியிருந்தால் ஆள் உள்ளே இறங்கிவிடுவார்.

ஈரம் பார்க்க மீட்டர் இல்லையா? காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் வைக்கோலை நறுக்கிப் போட்டு, பொடியுப்பு ஒரு தேக்கரண்டி சேர்த்து, மூடிக் குலுக்குங்கள். உப்பு கட்டிபிடித்தால் இன்னொரு வெயில் காய வேண்டும். நிலக்கடலைக் கொடி, வேலிமசால், குதிரைமசால் என்றால் கணக்கு வேறு. உச்சி வெயிலில் ரேக் ஓட்டினால் இலையெல்லாம் உதிர்ந்து தண்டுதான் மிஞ்சும். புரதம் இலையில்தான் இருக்கிறது. அவற்றைக் காலைப் பனி ஈரம் இருக்கும்போதே கூட்டிவிட்டு, காய்ந்த பிறகு கட்டுங்கள்.

வைக்கோல் ஏற்றும் லாரி, டிராக்டர் டிப்பர் விஷயத்தில் ஒரு சொல். உயரமாக ஏற்றிய சுமை தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியில் உரசித் தீப்பிடிப்பது நம் ஊர்களில் புதிதில்லை. வயலுக்குள் வரும் வழியில் கம்பி தாழ்ந்திருந்தால் ஏற்றும் முன்பே மின்வாரிய அலுவலகத்தில் சொல்லுங்கள்.

மறுபடியும் ஷாஃப்ட்டுக்கே வருகிறேன், ஏனென்றால் உயிர் போவது அங்கேதான். வைக்கோல் சிக்கி மிஷின் அடைத்துக்கொண்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை விட்டு இழுக்கிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஒரு நிமிடம் மிச்சமாகும் என்று நினைக்கிறார்கள். பி.டி.ஓ.வை விலக்கி, இன்ஜினை நிறுத்தி, சாவியை உருவிப் பையில் போட்டு, ஷாஃப்ட் முழுக்க நின்ற பிறகே கிட்டப் போங்கள். சுற்றுகிற ஷாஃப்ட்டை யாரும் தாண்ட விடாதீர்கள். துண்டை அவிழ்த்து வரப்பில் வையுங்கள். சேலையை இழுத்துச் செருகச் சொல்லுங்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கள். இந்த அறுப்புக்கு உங்கள் வயலுக்கு வரும் ரேக்கோ கட்டும் மிஷினோ வாடகை வண்டியாக இருந்தாலும், ஷாஃப்ட்டில் மூடி இல்லையென்றால் இறக்கவிடாமல் திருப்பி அனுப்புங்கள்.