கூரைக்கும் காது உண்டு!

மாதுங்கா, சயான் வட்டாரத் தமிழர்களுக்கு ஷண்முகானந்தா ஹால் தெரியாமல் இராது. கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனில் இறங்கினால் பொடிநடையில் போய்விடலாம். 1952-ல் தொடங்கிய சபா, 1963-ல் எழுப்பிய அரங்கம் அது. 1990-ல் தீக்கிரையாயிற்று. திரும்பக் கட்டி 1998-ல்தான் திறக்க முடிந்தது. எட்டு வருஷம்!

2,700 பேருக்கு மேல் அமரும் அவ்வளவு பெரிய கூடத்தில், மேல் பால்கனியின் கடைசி வரிசையில் குறைந்த டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கும் பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும். காசு கம்மி என்பதற்காகக் காதும் கம்மியா என்ன?

இங்கேதான் கூரையின் வேலை ஆரம்பமாகிறது.

ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கெட்டியான சுவரிலோ விதானத்திலோ பட்டால் திரும்பி வரும். கொஞ்சம் வந்தால் பாட்டுக்குச் செழிப்பு. அதிகமாக வந்தால் கூழ்தான். மேல்நாட்டு வாத்தியக் கோஷ்டிக்கு இரண்டு விநாடி வரை ஒலி தங்கினாலும் குற்றமில்லை. மேடைப் பேச்சுக்கு ஒரு விநாடியே போதும். மிருதங்கத்தில் தீர்மானம் வாசிக்கும்போது முன் அடித்த சொல் இன்னும் கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தால், அடுத்த சொல் எப்படிக் காதில் விழும்?

பழைய கீற்றுக் கொட்டகையில் இந்தத் தொல்லை இல்லை. கீற்றுக்கு ஆயிரம் கண். உள்ளே போன ஒலியில் பாதி அங்கேயே அடங்கிவிடும். சிமெண்டும் கண்ணாடியும் வந்த பிறகுதான் எதிரொலி ஒரு வியாதியாயிற்று.

வியாதிக்குக் கணக்குப் போட்டவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் சர்வகலாசாலை ஆசிரியர் வாலஸ் சபைன். அங்கே புதிதாகக் கட்டிய ஒரு பிரசங்கக் கூடத்தில் பேசிய வார்த்தை அடங்க ஐந்தரை விநாடி பிடித்தது. 1895-ல் சரிசெய்யும் பொறுப்பு இவரிடம் வந்தது. பக்கத்து நாடக அரங்கிலிருந்து நாற்காலி மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஊதி, தம் காதாலேயே கேட்டு அளந்தார். மெத்தை கூடக் கூட ஒலி சீக்கிரம் அடங்கியது. இன்றைய அரங்குகளுக்கெல்லாம் மூல சூத்திரம் அந்த மெத்தைகள்தான்!

வளைந்த கூரை இன்னும் பொல்லாதது. பீஜப்பூர் கோல் கும்பஸில் ஒரு பக்கம் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் கேட்கும். வேடிக்கைக்கு நல்லது, கச்சேரிக்கு ஆகாது. 1871-ல் திறந்த லண்டன் ஆல்பர்ட் ஹாலிலும் இதே கதை. கடைசியில் 1969-ல் கண்ணாடியிழைத் தட்டுகளைக் காளான் காளானாக மேலிருந்து தொங்கவிட்டார்கள்.

எல்லா இடத்திலும் இப்படித் தொங்கவிட முடியுமா? சர்னி ரோடு பக்கம் உள்ள ராயல் ஆபரா ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்தது. 1993-ல் மூடிக் கிடந்து, புதுப்பித்து 2016-ல் திறந்தார்கள். மறு வருஷமே யுனெஸ்கோ விருது. எட்டுப் பகுதியாகச் சித்திரம் தீட்டிய அதன் விதானத்தில், ஆபீஸில் இருப்பதுபோல் கட்டம் கட்டமாகத் தகடு மாட்டினால் கண் பொறுக்காது.

பழைய கட்டிடங்களின் வெறும் விதானங்களுக்கும், புதிய மண்டபங்களுக்கும் ஏற்றதாக வந்திருப்பதுதான் இணைப்புத் தெரியாத ஒலிக்கூரை. பாறைக் கம்பளிப் பலகையையோ, பழைய கண்ணாடியை உருக்கிச் செய்த மணிப் பலகையையோ சட்டத்தில் பொருத்துகிறார்கள். இடுக்குகளை அடைத்து, தேய்த்து, மேலே பொடி மணி கலந்த சாந்தைப் பூசுகிறார்கள். பார்வைக்கு ஒரே வழவழப்பான சுவர். உண்மையில் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. ஒலி அவற்றில் நுழைந்து, உராய்ந்து, சிறிதளவு வெப்பமாகி மறைந்துவிடுகிறது. வளைவுக்கும் குவிமாடத்துக்கும் பொருந்தும்.

விலை அதிகம். இன்னொரு சங்கடமும் உண்டு. மும்பை மழைக்கு மேல்மாடி ஒழுகினால், தகட்டுக் கூரையில் ஒன்றைக் கழற்றி மாற்றலாம். இதில் கறை படிந்தால் ஒட்டுப்போட்டது தெரியாமல் பூசக் கைதேர்ந்த ஆள் வேண்டும்.

ஆனால் கூரையைக் கொல்வது மழையல்ல, பெயிண்ட். தீபாவளிக்கு முன் 'பளிச்'சென்று இருக்கட்டும் என்று யாரோ உத்தரவு போட, சாதாரண பெயிண்டை ரோலரில் இழுத்துவிட்டால் துளையெல்லாம் அடைபடும். அன்றோடு அதன் காது செவிடு. பார்க்க அழகாகவே இருக்கும், கேட்டால்தான் தெரியும். பிறகு பழி பாடகர் தலையிலோ மைக்காரர் தலையிலோ விழும்!

பூசுகிறவர்கள் கதை வேறு. சென்ற நூற்றாண்டில் மேல்நாடுகளில் எதிரொலியை அடக்கக் கல்நாரையே கூரையில் தெளித்தார்கள். அந்த இழை நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டியது. தீத்தடுப்புக்கும் வெப்பக் காப்புக்கும் அதைத் தெளிப்பதை அமெரிக்கா 1973-ல் தடை செய்தது. பழைய கட்டிடங்களில் அந்தப் பூச்சு இன்னும் இருக்கக்கூடும். ஆகவே பழங்கூரையைச் சுரண்டுமுன் அதில் என்ன இருக்கிறது என்று சோதிக்காமல் கை வைக்கக் கூடாது.

புதுப் பலகையில் கல்நார் இல்லை. இருந்தாலும் சாரத்தின் மேல் அண்ணாந்து நின்று மணல்தாளால் தேய்க்கிறவர் முகத்தில்தான் தூசி முழுவதும் விழுகிறது. அவருக்குக் கைக்குட்டை போதாது. நல்ல முகமூடி வேண்டும். காண்டிராக்டர் தாமாகக் கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கிக்கொண்டுதான் சாரம் ஏற வேண்டும்.